தைவதம் இருந்த இடம்

மத்தியானச் சோற்றுப் பொதியை அவிழ்த்த றஜனி டீச்சர் முதல் கவளத்தை வாயில் வைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், வயல்வட்டை ஓரத்துப் பிள்ளையார் கோயிலில் பூசை மணி அடித்தது. அவளுக்குப் பாம்புக்காது. கேட்டது தைவதச் சுரம். ஐந்து வருடமாக அவளுடைய பாட்டுகளில் இல்லாமல் போயிருந்த அதே தைவதம். வவுணதீவுக்கு மாற்றலாகி வந்து அதுதான் முதல் வெள்ளிக்கிழமை. சோறு அப்படியே கிடந்து காய்ந்தது.

புளியந்தீவில் அவளுடைய தேவாலயத்தில் ஒரு பெட்டி கைமணிகள் உண்டு. ஊரை விட்டுப் போன மிஷனரிக் குடும்பம் ஒன்று அனுப்பியவை. ஒரு மணிக்கு ஒரு சுரம். ஆளுக்கு ஒன்றோ இரண்டோ. ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் பிடித்தால்தான் மெட்டு நகரும். கீர்த்தனைகளையும் வசந்தன் கூத்து மெட்டுகளையும் இந்த மணிகளுக்கு அளவாக வெட்டித் தைப்பது றஜனிக்குப் பைத்தியம். தொண்டை என்றால் இழுக்கும், குழைக்கும். மணிக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது. ஒன்றைச் சொல்லும், அத்தோடு சரி. எந்தச் சுரத்தை வைப்பது, எதைப் போகவிடுவது என்று மீன் வெட்டும்போதும் யோசித்து, விரலையும் வெட்டிக்கொள்வாள்.

தைவத மணி, அவர்களில் ஒருத்தியான அஞ்சலாவின் கையில் இருந்தது. கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் ஆராதனை முடிந்ததும் அவரவர் மணியை வீட்டுக்குக் கொண்டுபோய் மினுக்கி வருவது அவர்களுடைய வழக்கம். அந்த வருடம் அஞ்சலாவும் அதை நாவலடியில் கடற்கரையோர வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் காலை கடல் வந்தது. அஞ்சலாவைக் கண்டெடுத்து அடக்கம் செய்தார்கள். மணி கிடைக்கவில்லை. அவள் கணவன் பிலிப்புக்கு ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

தைவதம் இல்லாமல் சில மெட்டுகளைச் சுற்றிவளைத்துக் கொண்டுபோய்விடலாம். ஆனால் அஞ்சலாவுக்குப் பிடித்த கீர்த்தனையின் பல்லவி தைவதத்தில் போய் நின்றுதான் மூச்சு விடும். வேறு மணி அனுப்புகிறோம் என்று மிஷனரிக் குடும்பம் சொன்னபோது, வேண்டாம் என்று றஜனி ஒற்றைக்காலில் நின்றாள். அந்த இடத்தை வெறுமையாகவே விட்டாள். முதலில் சனம் அவ்விடத்தில் மணி இல்லாமல் பாடியது. போகப்போக, மணிகளோடு சேர்ந்து சனமும் அங்கே வாயை மூடப் பழகிக்கொண்டது.

அடுத்த நாள் பிலிப்பிடம் விஷயத்தைச் சொல்லி, அவனுடைய ஓட்டோவிலேயே வவுணதீவுக்குப் போனாள். அந்த வைகாசியில்தான் சண்டை முடிந்திருந்தது. முன்பு இறக்கி உதறிச் சோதித்த பாலத்தடியில் இப்போது ஆமிக்காரன் கையைக் காட்டி விட்டுவிட்டான். றஜனி வழியெல்லாம் நியாயங்களைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். கோயில் மணியைத் திருப்பிக் கேட்கலாமா? கேட்டு, தராவிட்டால், இந்த மனுசனை எந்த முகத்தோடு திருப்பிக் கூட்டிப்போவது?

மணியைப் பார்க்கவேண்டும் என்று கேட்டதும், கோயிலைப் பார்த்துக்கொண்ட கந்தப்போடி அதைக் கொண்டுவந்து பிலிப்பின் கையில் கொடுத்தார். கடல் வந்த பிறகு ஆற்றில் வலை போட்ட ஒருவன் எடுத்துப் பிள்ளையாருக்குக் கொடுத்ததாம்.

“ஷெல்லடிக்குள்ள ஓடக்குள்ள நெல்லு மூடையெல்லாத்தையும் விட்டுட்டு இதத்தான் தூக்கிட்டுப் போனம், டீச்சர். முகாமிலயும் இத அடிச்சித்தான் கும்பிட்டம்.”

பிலிப்பு மணியைத் திருப்பிப் பார்த்தான். கைப்பிடித் தோல் உக்கி, அதன்மேல் கயிறு சுற்றியிருந்தது. கயிற்றை விலக்கினான். உள்ளே, மீன்பிடிக்கிற தங்கூசி நூலால் போட்ட தையல் அறாமல் இருந்தது.

“இது நான் தைச்சது,” என்றான்.

கந்தப்போடி குனிந்து தையலைப் பார்த்தார். “அப்ப உங்கடதான் தம்பி. ஆரெண்டு தெரியாமத்தான் நாங்க வச்சிருந்த.”

றஜனி வழியில் சேர்த்துவைத்த நியாயங்கள் ஒன்றும் தேவைப்படவில்லை. அந்த மனிதர் அவள் வயிற்றில் பால் வார்த்துவிட்டார். புது மணி வாங்கித் தருவதாக அவள் சொன்னதற்கு, அது அவசரமில்லை, ஆறுதலாக வரட்டும், அதுவரைக்கும் பிள்ளையாருக்கு எங்கள் தொண்டை போதும் என்றார். இதை அடிக்கிற அன்றைக்குத் தனக்கும் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது. பிலிப்பு மணியின் நாக்கைத் துவாய்த் துண்டால் சுற்றி றஜனியிடம் கொடுத்தான். பிள்ளையை ஏந்துவதுபோல மடியில் வைத்துக்கொண்டு அவள் கர்த்தருக்கும் பிள்ளையாருக்கும் சேர்த்தே நன்றி சொன்னாள். யாருக்கு முதலில் என்று யோசிக்கவில்லை.

அன்றே கீர்த்தனையில் வெறுமையாகக் கிடந்த இடங்களிலெல்லாம் தைவதத்தை எழுதினாள். பிலிப்பு அந்த ஒரு மணியை மட்டும் அடிக்க ஒத்துக்கொண்டான். அடித்ததும் மணியை நெஞ்சில் சாய்த்து ஓசையை அடக்கவேண்டும் என்று அவனுக்குப் படித்துப் படித்துச் சொன்னாள். மணி அடிக்கிறவர்கள் எல்லாருக்கும் சொன்னாள். அவ்விடத்தில் இனி வாயைத் திறந்து பாடவேண்டும் என்று சனத்துக்குச் சொல்ல மட்டும் மறந்துபோனாள்.

கடல் வந்த நாளின் நினைவு ஆராதனைக்குக் கந்தப்போடி வெள்ளை வேட்டியோடு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, இருக்கச் சொன்னாலும் இருக்காமல், கடைசி வாங்குப் பலகைக்குப் பின்னால் நின்றார்.

பல்லவி ஏறிப் போனது. பிலிப்பு அடித்தான். சனம் பழகின பழக்கத்துக்கு வாயை மூடிக்கொண்டது. தேவாலயம் முழுவதிலும் தைவதம் தனியே நின்றது.

றஜனிக்குத் தன் பிழை அப்போதுதான் உறைத்தது. அடுத்த சுரத்துக்குக் காட்டத் தூக்கிய கையை அவள் இறக்கவில்லை. பிலிப்பும் மணியை நெஞ்சுக்குக் கொண்டுபோகவில்லை. கையை உயர்த்தினபடியே நின்றான். கடைசி வாங்குக்குப் பின்னால் கந்தப்போடி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பினார். மணி இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.