பியூஸில் வைத்த பொட்டு

1948, தை மாதத்து வெள்ளிக்கிழமை மாலை. செஞ்சிக் கடைத்தெருவில் காரை நிறுத்தி, டிரைவர் லூர்துநாதன் ரேடியோவுக்கு அடியில் தலையை நுழைத்தான். பாழாய்ப்போன பெட்டி, பேசிக்கொண்டே இருக்கும்போது நின்றுவிடுகிறது. தட்டினால் மறுபடி பேசுகிறது. பேட்டரி சரியாக இருந்தது, ஏரியல் கம்பியும் சரியாக இருந்தது.

"நியூஸ் வர்ற நேரம்டா. இன்னும் இன்னா பண்ற?" பின்சீட்டிலிருந்து முதலாளி பாண்டுரங்கன் கத்தினார்.

லூர்து ஓங்கித் தட்டினான். "...டில்லியில் சுடப்பட்டு..." என்ற பெட்டி மறுபடி அடங்கியது.

"யாரைடா சுட்டுட்டாங்க?" கடைக்காரர்கள் ஓடிவந்து காரைச் சூழ்ந்தார்கள்.

லூர்து பியூஸைப் பிடுங்கினான். இரண்டு முனையிலும் காய்ந்துபோன சந்தனம், அதன்மேல் குங்குமம்! மாட்டுப் பொங்கலன்று காரில் ஓரிடம் விடாமல் பொட்டு வைத்த முதலாளியின் கைவரிசை.

"பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலியா மொதலாளி?" என்று எரிந்து விழுந்தவன், நகத்தால் சுரண்டி மாட்டினான்.

பெட்டி இப்போது தெளிவாகப் பேசியது. மகாத்மா காந்தி இறந்துவிட்டார்.

பெட்டி நிற்காமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னது.

பாண்டுரங்கன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

"லூர்து, அதப் பழையபடியே ஆக்கிடுடா."