முதலில் இருமியது

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். புற்றுநோய் மருத்துவமனையின் கோப்பு அறையில் தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

என் வேலை இதுதான். புற்றுநோயாளிகளுக்கு வைரஸ் காய்ச்சல் வந்தால் யாருக்கு முற்றுகிறது, யார் தப்பிக்கிறார்கள் என்று டாக்டரம்மா ஓர் ஆய்வு செய்கிறார். கோப்புகளைப் பார்த்து நான் கணினியில் ஏற்ற வேண்டும். வயது, எந்தப் புற்று, கடைசியாக மருந்து ஏற்றி எத்தனை நாள், வெள்ளையணு எவ்வளவு, ஸ்டீராய்டு, சர்க்கரை, நுரையீரல், கடைசியில் முடிவு. அதே கோப்பை அடுத்த அறையில் சோடாபுட்டி தனியாக ஏற்றுவார். கண்ணாடி அவ்வளவு தடிமன், அதனால் அந்தப் பெயர். இரண்டு பேர் ஏற்றியதையும் கணினி ஒப்பிட்டு, ஒத்துப்போகாத இடங்களை மட்டும் பட்டியலாகத் துப்பும். தப்பு யாருடையது என்று மல்லுக்கட்டுவோம். பெரும்பாலும் அவருடையதுதான்.

ஏற்றி ஏற்றி எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. வீட்டில் தம்பியைப் பார்த்தாலே மனசுக்குள் கட்டங்களை நிரப்ப ஆரம்பித்துவிடுவேன். வயது முப்பத்தொன்று, நல்லது. நிணநீர்ப் புற்று, கெட்டது. மருந்து ஏற்றி இருபது நாள், ரொம்பக் கெட்டது. சர்க்கரை இல்லை, புகை இல்லை, நல்லது. கூட்டிக் கழித்தால் தேறிவிடுவான் என்று வரும். அப்புறம்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். இந்த மருந்து ஏற்றும் காலத்தில் வைரஸ் வந்தால் அவன் உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அதனால் இந்த இருபது நாளாக அவனை வாசற்படி தாண்ட விடவில்லை. "ஜெயில்ல கூட வாரத்துக்கு ஒருநாள் ஆள் வந்து பாப்பாங்க" என்பான். வாயை மூடுடா என்பேன்.

அன்று மத்தியானம் வந்த பட்டியலில் எட்டுக் கோப்புகள் இருந்தன. எட்டிலும் ஒத்துப்போகாதது 'குறிப்பு' என்ற கட்டம் மட்டும். அதை நாங்கள் எப்போதும் காலியாகத்தான் விடுவோம். என் பக்கம் காலி. சோடாபுட்டி பக்கத்தில் 'முதலில் இருமியது: மகள்' என்று இருந்தது. அடுத்ததில் 'முதலில் இருமியது: கணவர்'. அதற்கடுத்ததில் 'மாமியார்'. எட்டுப் பேருக்கும் முடிவு ஒன்றுதான். இறப்பு.

வரிந்து கட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். மனுஷன் என்னைப் பார்த்ததும், நீங்கள் இப்படிச் செய்யலாமா என்று என்னையே கேட்டார். அவர் கையிலும் ஒரு பட்டியல். அதே எட்டுக் கோப்பு. அதில் அவர் பக்கம் காலி, என் பக்கத்தில் அந்த வரி.

எட்டுக் கோப்புகளையும் தரையில் பரப்பித் தாள் தாளாகப் புரட்டினோம். இருமல் யாரிடமிருந்து வந்தது என்று ஒரு டாக்டரும் எழுதியிருக்கவில்லை. பேய் வேலை என்றார் அவர். பேயாவது பிசாசாவது, கணினிக் கோளாறு என்று அதட்டினேன். இருந்தாலும் முதல் கோப்பில் இருந்த எண்ணுக்கு ஃபோன் போட்டேன். இறந்தவரின் மகள் எடுத்தாள். மருத்துவமனையிலிருந்து பேசுவதாகச் சொல்லி, அப்பாவுக்கு முன்னால் வீட்டில் யாருக்காவது இருமல் இருந்ததா என்று கேட்டேன்.

"யாரு சொன்னாங்க? எனக்குத் தொண்டை லேசா கரகரன்னு இருந்துச்சு, அவ்வளவுதான். அத நான் யார்கிட்டயுமே சொல்லலையே."

ஃபோனை வைத்தபோது என் விரல்கள் என் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தன. மூன்று நாளாக அரிப்பு. கோப்புத் தூசி என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன், எனக்கும்தான். தம்பிக்கு என்னென்ன ஆபத்து என்று விரல் விட்டு எண்ணத் தெரிந்த எனக்கு என்னை எண்ணத் தோன்றவில்லை. அந்தப் படிவத்தில் வீட்டிலிருப்பவர்களுக்குக் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாத ஒன்று உலகத்திலேயே இல்லை என்று நம்பியிருக்கிறேன். மடச்சி.

அச்சு எந்திரம் தானாக இன்னொரு தாளைத் தள்ளியது. ஒரே வரி, கோப்பு எண் இல்லை. ஆண், முப்பத்தொன்று, நிணநீர்ப் புற்று, மருந்து ஏற்றி இருபது நாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி 'முதலில் இருமியது: அக்கா' என்று இருந்தது. ஒத்துப்போவது எதுவும் அந்தப் பட்டியலில் வரவே வராது. முடிவு இரண்டு பக்கமும் காலி. சோடாபுட்டி அதைப் படித்துவிட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடமிருந்து இரண்டடி விலகினார். அவர்மேல் கோபம்கூட வரவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். வெளியே வெயில் கொளுத்தியது. அவன் போர்வைக்குள் சுருண்டிருந்தான். நெற்றி அனலாகக் கொதித்தது. தொட்ட கையை உதறி எடுத்துக்கொண்டேன், இனிமேல் எடுத்து என்ன பிரயோஜனம்?

அவசரப் பிரிவில் நர்ஸ் படிவத்தை நிரப்பினாள். வயது கேட்டாள், மருந்து கேட்டாள், சர்க்கரை கேட்டாள். வரிசை எனக்கு மனப்பாடம். எல்லாம் முடிந்த பிறகு, பேச்சுவாக்கில், எங்கே ஒட்டியிருக்கும் என்று அவனிடம் கேட்டாள்.

"போன வாரம் அக்காவுக்குத் தெரியாம வெளிய சுத்தப் போனேன் சிஸ்டர். அங்கதான்."

"பொய் சொல்றான். இருபது நாளா வீட்டவிட்டு நகரல. எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு, மூணு நாளாச்சு."

நர்ஸ் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதை எழுத இதில் இடமில்லையே என்றாள். பிறகு எனக்கு ஒரு முகக்கவசத்தைக் கொடுத்து, சுவரோரமாகத் தள்ளி நிற்கச் சொன்னாள். தம்பி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினான்.

"தெரியும்க்கா. குழாயத் தொறந்து விட்டுட்டு நீ பாத்ரூம்ல இருமுறத மூணு நாளா கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ பக்கத்துல வரமாட்டே."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். கூடப் போக என்னை விடவில்லை.