நாலு கேள்விக்கும் ஆமாம்

எனக்கு நெஞ்சு வலித்தால் அது வாயு. இதை மூன்று முறை சோதித்துப் பார்த்தாகிவிட்டது. இரண்டு வருஷத்தில் மூன்று தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கோரிப்பாளையம் தாண்டி இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்கு ஓடியிருக்கிறேன். மூன்று தடவையும் இ.சி.ஜி. எடுத்து, மாத்திரை கொடுத்து, பஜ்ஜியைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதன்பிறகு சொந்தக்காரர்கள் நடுவில் வெங்கடசுப்பிரமணியன் என்ற பெயர் செத்துப்போய், நான் வெறும் ‘எமர்ஜென்சி’ ஆகிவிட்டேன். இந்தக் கேலிக்கூட்டத்துக்குத் தலைவி என் மனைவி ராதாமணி. நான் ஏப்பம் விட்டால்கூட ஆட்டோ சொல்லட்டுமா என்பாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். என் கோபத்துக்கு அந்த வீட்டில் என்ன மரியாதை என்பது வேறு விஷயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒரே மகள் இந்துப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டிலேயேதான். மூன்றரைக்கு மேல் நாலரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பம். மாப்பிள்ளை வீட்டார் வேனில் ஏறிவிட்டார்கள் என்று இரண்டரைக்கு போன் வந்ததும் வீடே துள்ளியது. நாற்பது சௌராஷ்டிரர்கள் ஒரே நேரத்தில் எங்கள் பாஷையில் பேசினால் தெருமுனையில் போகிறவர் ஏதோ தகராறு என்றுதான் நினைப்பார். உங்களுக்காக எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புதுவேட்டி தடுக்க நானும் வாசலுக்கும் கூடத்துக்கும் ஓடினேன். அம்புட்டு சந்தோஷம்.

வெற்றிலை எங்கே என்று கேட்க அடுப்படிக்குப் போனேன். ராதாமணி பட்டுப்புடவையோடு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். விசேஷ நாளில் உட்காருகிற ஆளே இல்லை அவள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றியும் கழுத்தெல்லாம் தண்ணீராக ஓடியது. என்ன ஆச்சு என்றேன். காலையிலிருந்து குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொண்டது, நெஞ்சை வேறு அடைக்கிறது, உங்கள் வாயு எனக்கும் ஒட்டிக்கொண்டது, யாரையாவது விட்டு ஒரு சோடா வாங்கிவரச் சொல்லுங்கள் என்றாள். கேலியாகச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

மூன்று தடவையும் டியூட்டி டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விகள் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லி அசடு வழிந்தவன் நான், எப்படி மறக்கும்?

“வலி வேற எங்கயாச்சும் போகுதா?” என்றேன்.

“தாடைக்குப் போகுது. இடது கையும் கனமா இருக்கு.”

வியர்க்கிறதா என்று கேட்கவே வேண்டாம். குமட்டலா என்றேன். காலையில் குடித்த காபி அப்படியே வெளியே வந்துவிட்டதாம். நடந்தால் கூடுகிறதா என்றேன். நேற்று மாடி ஏறும்போது கூடியது, இன்று உட்கார்ந்தும் குறையவில்லை என்றாள். நாலு கேள்விக்கும் ஆமாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன்.

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. ராதாமணியின் தம்பி கோகுல்நாத் முதல் ஆளாக வந்தான். மறுபடியும் ஆரம்பிக்காதீர்கள் மச்சான் என்று என் தோளில் தட்டினான். பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். முனையில் இருக்கும் கிளினிக்கில் ஒரு டிரிப்ஸ் போட்டால் அக்கா எழுந்து உட்கார்ந்துவிடுவாள், அதையும் தட்டு மாற்றியபிறகு பார்க்கலாம் என்றான். பிறகு வாட்சைப் பார்த்துக் கணக்குப் போட்டான். நாலரைக்கு மேல் ராகுகாலத்தில் முதன்முதலாக ஆஸ்பத்திரிப் படி ஏறுவது நல்லதில்லை, ஆறு மணிக்கு நானே காரில் கூட்டிப்போகிறேன் என்றான். அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை. அக்கா மேல் உயிராக இருப்பவன்தான். அவளைச் சாகடிப்பதற்கு அங்கே எல்லோருமே பாசமாகத்தான் வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ராதாமணியும் அசையவில்லை. “பெத்தவ இல்லாம தட்டு மாத்துவாங்களா? ஒரு மணி நேரம்தானே. பல்லைக் கடிச்சுக்கிறேன்” என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்று கத்தினேன். நல்ல நாளில் நான் உதிர்த்த இந்த நல்ல வார்த்தையைக் கேட்டு வீடு கப்சிப் ஆனது. சத்தம் கேட்டு இந்துப்ரியா ஓடிவந்தாள். ஒரு கண்ணுக்குத்தான் மை போட்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்பா, உங்களுக்கு இப்படித்தான் இருந்துச்சா?”

“இல்லம்மா. ஒரு தடவைகூட இப்படி இல்ல.”

சம்பந்தி வீட்டாருக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து வந்து அம்மாவை அதில் உட்காரவைத்தாள். நடந்தே வாரேன் என்றாள் ராதாமணி. நெஞ்சுவலிக்காரரை நடக்கவிடக் கூடாது என்று நர்ஸ் ஒருமுறை என்னையே திட்டியிருக்கிறார், நான் விடவில்லை. அக்காவின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்து மனசு மாறிய கோகுல்நாத்தும் நானுமாக நாற்காலியோடு தூக்கினோம்.

வாசலில் பூமாலைகளை இறக்கிவிட்டு ஆட்டோவைத் திருப்பிக்கொண்டிருந்தார் சங்கிலி. கீழக்குயில்குடிக்காரர், மூன்று தடவையும் என்னை ஏற்றிப்போனவர். இன்னைக்குமாண்ணே என்று சிரிக்கத் தொடங்கியவர், ராதாமணியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். மகளும் ஏறிக்கொண்டாள். தெருமுனையில் மாப்பிள்ளை வீட்டு வேன் எதிரே வந்தது. உள்ளே சம்பந்தியம்மாள் தட்டோடு எங்களைப் பார்த்துச் சிரித்தார். வண்டியை நிறுத்த நேரமில்லை. கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே கடந்துபோனேன்.

சங்கிலி ஓட்டியதை ஓட்டியது என்று சொல்ல முடியாது, பறந்தார். பஸ்ஸுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில் புகுந்தார். வழிவிடாதவர்களின் பரம்பரையையே விசாரித்தார். இந்துப்ரியா ஒரு பக்கம் தலையை நீட்டி வழிவிடச் சொல்லிக் கத்தினாள், மறுபக்கம் நான் கத்தினேன். பாலத்தைத் தாண்டியதும் கோரிப்பாளையம் சிக்னலில் சிவப்பு. பட்டுப்புடவையில் ஒற்றைக் கண் மையோடு கத்திய கல்யாணப் பெண்ணைப் பார்த்த போக்குவரத்துக் காவலர், ஒரு வார்த்தை கேட்காமல் குறுக்கே இறங்கி மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

ராதாமணி என் தோளில் சாய்ந்திருந்தாள். கை சில்லென்று இருந்தது. “ரெண்டு நாளா வலிக்குது” என்றாள் மெதுவாக. “உங்களை அம்புட்டு கேலி பண்ணிட்டு, எனக்கும் நெஞ்சு வலிக்குதுன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?”

வெட்கத்துக்குப் பயந்து ஒருத்தி இரண்டு நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இட்லி அவித்திருக்கிறாள்.

எமர்ஜென்சியில் அதே டாக்டர். என்னைப் பார்த்ததும் பழகிய சிரிப்போடு கட்டிலைக் காட்டினார். “எனக்கில்ல டாக்டர், இவளுக்கு. எல்லாக் கேள்விக்கும் ஆமாங்கிறா” என்றேன். அவர் சிரிப்பு நின்றது. இ.சி.ஜி. தாள் முழுதாக வெளியே வருவதற்குள் நாலு பேர் ஓடிவந்தார்கள். மாத்திரையை மெல்லச் சொன்னார்கள், ஊசி போட்டார்கள், என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஹார்ட் அட்டாக், ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, உடனே திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே டாக்டர் கட்டிலோடு ஓடினார். சுவரில் மணி மூன்று இருபத்தைந்து. வில்லாபுரத்தில் முகூர்த்தமே இன்னும் ஆரம்பித்திருக்காது.

அதற்குப் பிறகான நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

கதவு திறந்து டாக்டர் வந்து, அடைப்பை எடுத்தாயிற்று என்றார். ஆறு மணிக்கு வந்திருந்தால் என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. ஐ.சி.யூ.வில் பத்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். ராதாமணியின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. என் கையைத் தேடிப் பிடித்தாள்.

“இனிமே உங்களுக்கு லேசா வலிச்சாலும் சொல்லுங்க. நானே முன்னாடி ஆட்டோல ஏறுவேன்” என்றாள்.

நர்ஸ் வந்து வெளியே அனுப்பும்வரை விடாமல் அழுதேன்.

வெளியே வராந்தா முழுக்க எங்கள் ஆட்கள். பட்டும் ஜரிகையும் மல்லிகைப்பூவுமாக மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து ஒருவர்கூட உட்காராமல் நின்றிருந்தார்கள். நாற்பது பேருக்கு மேல் இருந்தும் சத்தமே இல்லை. சம்பந்தியம்மாள் முன்னால் வந்து என் வாயையே பார்த்தார்.

“பேசுறா” என்றேன்.

எழுந்த கூச்சலில் வாட்ச்மேன் ஓடிவந்து எல்லோரையும் திட்டினார். ஒருத்தரும் அடங்கவில்லை.