மேஜருக்குத் தெரிந்த வீடு

கார் கதவைத் திறந்ததும் இரண்டு நாய்களும் குதித்து இறங்கின. சிட்டு வளர்க்கும் குட்டி நாய் புயல், புது இடத்தைக் கண்டால் எப்போதும் செய்வதுபோல, தலைகால் புரியாமல் வட்டமடித்தது. அவள் அப்பாவின் கிழநாய் மேஜரோ நின்று மோப்பம் பிடிக்கக்கூட இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் மனுஷனைப்போல நேராக நடந்தது. முன்வாசலை விட்டுப் பக்கவாட்டில் திரும்பி, பின்கதவை மூக்கால் நெம்பித் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டது.

"அம்மா, மேஜருக்கு இந்த வீடு முன்னாடியே தெரியுமா?" என்றாள் சிட்டுவின் மகள்.

"பழைய வீடு, பழைய நாய். பூர்வஜென்ம பந்தமா இருக்கும்," என்றான் சிட்டுவின் கணவன். வாசலில் பதித்திருந்த பித்தளைப் பலகையை அவன் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்துக்கொண்டிருந்தான். ஆற்றில் சரக்குப் படகுகள் போன காலத்தில் சுங்கம் வசூலித்த சாவடியாம். இப்போது விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். முழம் அகலக் கல் சுவர், ஆற்றைப் பார்த்த உயரமான ஜன்னல்கள், தண்ணீருக்குள் இறங்கும் படிகள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை சிட்டுவுக்கு. ஜன்னலே இல்லாத அறையில் நாளெல்லாம் நிற்பவள், ஆறு தெரியும் வீடு வேண்டுமென்று தேடித்தேடிப் பிடித்தது இது. அப்பாவின் பிறந்தநாளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டுமே என்று எங்கே போகிறோம் என்பதை மூச்சு விடவில்லை. ஆற்றோரச் சாலையில் வண்டி திரும்பியதுமே அப்பாவின் முகம் சரியில்லை. "ஆத்துக் காத்து எனக்கு ஒத்துக்காதும்மா, திரும்பிடலாம்," என்றார். பிறகு யாருக்கோ போன் போட்டுக்கொண்டே வந்தார். யாருக்கு என்று கேட்டதற்கு, "பழைய சிநேகிதன், எடுக்க மாட்டேங்கிறான்," என்றார். இப்போதும் அவர் காரை விட்டு இறங்கவில்லை.

சிட்டு பைகளோடு உள்ளே போனாள். மேஜர் சமையலறையில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நான்காக மடித்த சாக்கு. அதில் மேஜரின் பழுப்பு முடி அப்பிக் கிடந்தது. புதிதாக ஒட்டிய முடி இல்லை. பல நாள் படுத்துப் படுத்து நெசவோடு நெசவாகிப் போன முடி. அவள் குனிந்து அதைத் தொட்டாள். 

அப்போது படகுக் கொட்டகைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "வாடா மாப்ளே! இன்னைக்கு உன் நாள் இல்லையே! எங்க உன் எஜமான்?"

கதவைத் தாண்டி உள்ளே வந்தவரின் தலையெல்லாம் மரச்சீவல். கையில் ஜன்னல் சட்டம் ஒன்று. அவளைப் பார்த்ததும் சட்டம் நழுவித் தரையில் விழுந்தது.

சித்தப்பா.

அப்பாவின் ஒரே தம்பி. எந்த மனுஷனின் பேரை எடுத்தாலே அவர்கள் வீட்டில் சோற்றுத்தட்டு பறக்குமோ, அந்த மனுஷன்.

அப்பா ரயில் ஓட்டியவர். ஒரு விருந்தில் உறவுக்காரர்கள் மத்தியில், "வண்டியை ஓட்டுறது எங்கண்ணன் இல்ல, அவரோட குறட்டை," என்று சித்தப்பா விளையாட்டாகச் சொல்லிவிட்டார். கை, கால் முளைத்த அந்தப் பேச்சு ரயில்வே ஆபீஸ் வரை நடந்தே போய்விட்டது. விசாரணை என்று மாதக்கணக்கில் அப்பாவை எஞ்சினில் ஏற்றவில்லை. அதோடு முடிந்தது அண்ணன் தம்பி உறவு. சித்தப்பா மகள் வாலுவும் சிட்டுவும் ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள். அந்த நட்பும் அன்றோடு போயிற்று. அப்பா பக்கம் நிற்பதுதான் மகளுக்கு அழகு என்று சிட்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வாலுவின் கல்யாணத்துக்கும் போகவில்லை.

"சித்தப்பா..." என்றாள்.  "மேஜரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

 பதில் வாசலிலிருந்து வந்தது. "நான்தான் கூட்டிட்டு வருவேன்," என்றார் அப்பா. ஒருவழியாகக் காரை விட்டு இறங்கி வந்திருந்தார்.

வாராவாரம் ஓய்வு பெற்ற டிரைவர்கள் சங்கத்துக்குப் போகிறேன் என்று கிளம்புவாரே, அது இங்கேதான். சங்கத்துக்கு நாய் எதற்கு என்று அவள் கேட்டபோது, "அவனும் ரிட்டயர் ஆனவன்தானே," என்று சொல்லிச் சிரிக்க வைத்தவர்.

"எப்பலேர்ந்து?"

"உங்கம்மா போனதுக்கு அடுத்த வருஷம். மனசு சரியில்லாம இந்த ஆத்தோரமா நடந்துட்டிருந்தேன். இந்த வீட்டுக்குத் தச்சு வேலையெல்லாம் இவன்தான். அன்னைக்கும் ஜன்னல் இழைச்சிட்டிருந்தான். நான் பார்க்காத மாதிரிதான் போனேன். இந்த நாய்தான் ஓடிப்போய் அவன் மேல கால வச்சுது. முதல்ல நாயைப் பத்திப் பேசினோம். அப்புறம்..."

சிட்டு மனசுக்குள் வருஷங்களைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாள். ஓரிடத்தில் வந்து கணக்கு இடித்தது. 

"அப்பா. வாலுவோட வீட்டுக்காரர் விபத்துல செத்தப்ப, நீங்க ரெண்டு பேரும் பேசிட்டுத்தான் இருந்தீங்களா?"

அப்பா குனிந்து மேஜரின் தலையைத் தடவினார்.

"நான் பையை எடுத்துக்கிட்டு வாசல்ல உங்க முன்னாடி வந்து நின்னேன். போகட்டுமாப்பான்னு கேட்டேன். நீங்க பேப்பரை விரிச்சு மூஞ்சியை மறைச்சுக்கிட்டீங்க. நான் பையைத் திரும்ப உள்ள கொண்டு போய் வச்சேன். அன்னைக்கு நீங்க இவரோட பேசிட்டு இருந்தீங்களா, இல்லையா?"

"போகாதேன்னு நான் சொல்லலியேம்மா."

 சிட்டு நாற்காலி எங்கே என்று தேடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பத்தாவது மாடியிலிருந்து தள்ளிவிட்டவனைக்கூட ஒருநாள் மன்னிக்கலாம்போல இருந்தது அவளுக்கு. இந்த ஒரு வாக்கியத்தை எப்படி மன்னிப்பது? புயல் வந்து அவள் காதை நக்கியது. அதைத் தள்ளக்கூடத் தோன்றவில்லை.

"ஏன் சொல்லல?" இதைக் கேட்டது அவள் கணவன். எதையும் சிரித்துத் தள்ளுகிறவன் முகத்திலும் ஈயாடவில்லை.

சித்தப்பாதான் பேசினார். "வெட்கம் மாப்ள. சண்டை போட்டது நாங்க. ஆனா எங்களுக்காக நீங்கள்லாம் எங்களை விடப் பெருசா பகையை வளர்த்துட்டீங்க. இனிமே நாங்க சேர்ந்துட்டோம்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சொல்றது? யார் முதல்ல இறங்கி வந்ததுன்னு ஊரே கேட்கும். இங்கன்னா கேள்வி கிடையாது. அவரு ஆத்தைப் பார்த்துட்டு உக்காருவாரு. நான் மரம் இழைப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "நல்லா இருந்துச்சு. அதான் நிஜம்," என்றார்.

"உங்க ரெண்டு பேருக்கும் நல்லா இருந்துச்சு," என்றாள் சிட்டு. "வாலு நம்பரைக் குடுங்க."

"இப்பவேவா?" என்றார்கள் அண்ணனும் தம்பியும் ஒரே குரலில்.

சிட்டு போன் போட்டாள். எடுத்தது வாலுதான். சிட்டு தன் பேரைச் சொன்னாள். மறுமுனையில் ஒரு மூச்சு இழுபட்டது. "யாருக்கு என்ன ஆச்சு? பெரியப்பாவுக்கா?"

"யாரும் சாகலடி. உங்கப்பாவும் எங்கப்பாவும் என் முன்னாடி ஒண்ணா நிக்கறாங்க. வருஷக்கணக்கா இப்படித்தான் நின்னுட்டிருக்காங்க."

சிட்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பிறகு, "நான் வர்றேன். அதுவரைக்கும் ரெண்டு கிழவங்களையும் எங்கயும் போக விடாதே," என்று சொல்லி வாலு போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வாலு வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். முன்நெற்றியில் நரை. அப்பா எழுந்து, "வாம்மா..." என்று ஆரம்பித்தார். வாலு கையை உயர்த்தி நிறுத்தினாள். பக்கத்தில் நின்ற தன் அப்பாவை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. இருவரையும் கடந்து, ஆற்றுப் படியில் உட்கார்ந்திருந்த சிட்டுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

 கீழே புயல் தண்ணீரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.

"நான் பை எடுத்துட்டேன் வாலு. வாசல் வரைக்கும் வந்தேன்."

"வந்திருக்கணும்," என்றாள் வாலு.

 அதில் மறுத்துப் பேச என்ன இருக்கிறது? வாலு அழவில்லை, சிட்டுவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, வலிக்கும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த விடுமுறை முடியும்வரை அவள் தன் அப்பாவிடமும் பேசவில்லை, பெரியப்பாவிடமும் பேசவில்லை. ஆனால் சிட்டுவை விட்டு ஊருக்குத் திரும்பவும் இல்லை.