பச்சப்பிள்ளைத் தூக்கம்

வாயை மூட முடியவில்லை. பழைய வேட்டியில் நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, தாடைக்கடியில் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள் இருதயமேரி. முடிச்சு இறுகியதும் வாய் மூடிக்கொண்டது. கையை எடுத்தாள். மெல்லத் திறந்துகொண்டது.

"இன்னும் இழுத்துக் கட்டு மேரி. விறைச்சுப்போச்சுன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் அற்புதம்மாள். செத்துப்போன அருள்நாதனின் அக்கா. திருவெறும்பூரில் விஷயம் கேட்டதும் கட்டிய சேலையோடு பஸ் ஏறி வந்தவள்.

இருதயமேரி இழுத்துக் கட்டினாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அந்த வாய் தூக்கத்தில் ஒருநாளும் மூடியதில்லை. இப்போது மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டுவிடுமா என்ன? மூன்றாவது முடிச்சில்தான் நின்றது.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் அருள்நாதனின் குறட்டை பிரசித்தம். "நேத்து உங்க வீட்டுல ஷண்டிங் முடிய மணி மூணாயிருச்சே" என்று பக்கத்து வீட்டார் கிண்டலடிப்பார்கள். அருள்நாதனும் சேர்ந்து சிரிப்பார். நல்ல மனுஷன், கோபமே வராது. ஊருக்கு அந்தச் சத்தம்தான் தெரியும். சத்தம் நின்றுபோகிற இடம் இருதயமேரிக்கு மட்டும் தெரியும்.

ஏறி ஏறி வந்த குறட்டை, தொண்டையில் கட்டை விழுந்த மாதிரி சட்டென்று நிற்கும். நெஞ்சு மட்டும் எக்கும், காற்று உள்ளே போகாது. உடனே அவள் மனசுக்குள் 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தை ஆரம்பிப்பாள். கடிகாரம் பார்க்க விளக்கைப் போட வேண்டும், பையன் சின்னவனாகக் கூடவே படுத்திருந்த நாளில் போட்டால் எழுந்துவிடுவான். அதனால் அன்றிலிருந்தே மந்திரம்தான் கணக்கு. அது முடிவதற்குள் மூச்சு திரும்பினால் சரி. திரும்பாவிட்டால் விலாவில் முழங்கையால் ஓர் இடி. ஆற்றில் முங்கி எழுந்தவர் மாதிரி காற்றை இழுத்துக்கொண்டு புரண்டு படுப்பார். எழுந்ததும் எதுவும் ஞாபகம் இருக்காது. "என்னவோ தலை வெடிக்குதுடி, நாக்கெல்லாம் வறண்டு கிடக்கு" என்பார். எட்டு மணி நேரம் தூங்கிய முகமாகவே இருக்காது.

நாலு வருஷத்துக்கு முன்னால் பிரஷர் என்றார்கள். ஒரு மாத்திரை இரண்டானது, இரண்டு மூன்றானது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றுக்கும் தடை விழுந்தது. உப்பில்லாத குழம்பை ஊற்றிக்கொண்டு, "ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை வீட்டுக்கே கொண்டு வந்துட்டியா" என்பார். சாப்பிடவும் செய்வார். பிரஷர் மட்டும் இறங்கவில்லை.

அவர் ஒர்க்ஷாப்பில் கிரேன் டிரைவர். கூரைக்குக் கீழே கூண்டில் உட்கார்ந்துகொண்டு, அத்தனை பெரிய எஞ்சினை அலாக்காகத் தூக்கி அடுத்த லைனில் இறக்குகிற வேலை. கீழே நின்று கைஜாடை காட்டுகிறவர் வீரமலை. மேலே தலை தொங்குவதைப் பார்த்தால் வீரமலை ஸ்பேனரால் தூணில் ரெண்டு தட்டுத் தட்டுவார். அருள்நாதன் விழித்துக்கொள்வார். விஷயம் மேலே போயிருந்தால் கூண்டிலிருந்து இறக்கி எங்காவது கேட்டில் காவலுக்கு உட்கார வைத்திருப்பார்கள். அந்தக் கூண்டு அவருக்குச் சிம்மாசனம். அதனால் வருஷா வருஷம் மெடிக்கல் வருகிறபோது மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த சின்ன வயசு டாக்டர் கியாசுதீன், மூன்று மாத்திரைக்கும் அசையாத பிரஷரைப் பார்த்துவிட்டு, வீட்டம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். போனாள். "ராத்திரி தூங்கும்போது குறட்டை விடுவாராம்மா? நடுவுல மூச்சு நின்னு நின்னு வருமா?" என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாருமே கேட்டதில்லை. கேட்டதும் நெஞ்சு குளிர்ந்துபோனது. பதில் சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் அருள்நாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுகிற பார்வை.

"அதெல்லாம் இல்ல டாக்டர். பச்சப்புள்ள மாதிரி தூங்குவாரு" என்றாள்.

வெளியே வந்ததும் அவர் அவளுக்கு ஒரு முழம் கதம்பம் வாங்கிக் கொடுத்தார். அவளும் வெட்கமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

இன்றைக்குக் காலையில் நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் கஞ்சி குடித்துவிட்டு எட்டு மணிக்குப் படுத்தார். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று அவள் கேனை எடுத்துக்கொண்டு போனாள். வரிசை வளைந்து தெருமுனை வரை நின்றது. திரும்பி வந்தபோது மணி பத்தரை. வீட்டில் சத்தமே இல்லை.

ஒருக்களித்துப் படுத்திருந்தார். முதுகுதான் தெரிந்தது. அப்பாடா, இன்றைக்காவது நல்ல தூக்கம் என்று நினைத்தாள். மாதாவுக்கு நன்றிகூடச் சொன்னாள். வெயில் முகத்தில் விழாமல் ஜன்னலைச் சாத்தினாள். விசில் வரும் என்று குக்கரை வைக்காமல் சோற்றை வடித்தாள். தெருவில் சாணை பிடிக்கிறவன் குரல் கொடுத்தபோது ஓடிப்போய், "அந்தப் பக்கம் போப்பா, வீட்டுல தூங்குறாங்க" என்று அனுப்பிவைத்தாள். ஒன்றரை மணி நேரம் அந்த அமைதிக்குக் காவல் இருந்தாள். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் சாப்பிட எழுப்பப் போனாள். தோளைத் தொட்டாள். தோள் அவர் தோளாக இல்லை.

அதிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தலைமாட்டில் சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தை வைத்து மெழுகுவத்தி கொளுத்தினார்கள். பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அவள் அடுப்படிக்குப் போனாள், வந்தாள், தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்தாள், மூடினாள். "ஒரு எடத்துல குந்து மேரி" என்று அற்புதம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்த வேகத்தில் மறுபடி எழுந்தாள்.

வீரமலை அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார். அழுதழுது கண் சிவந்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கச்சி, டாக்டர் சர்டிபிகேட் எழுத வர்றாரு. நெஞ்சு வலின்னு இருந்தாரு, போயிட்டாருன்னு அதோட நிறுத்திக்க. வேற எதையும் அவுக்காத."

"எதைண்ணே?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குறியே. நாளைக்கு ஸ்தனிஸுக்கு வாரிசு வேலைக்கு எழுதிப் போடணும். மெடிக்கல் பாக்கப்போறது இதே டாக்டர்தான். புள்ளையும் அப்பன மாதிரியே தூங்குறான், லைன் வீடு பூராத் தெரியும். இவருக்குத் தெரிஞ்சா அவனை எந்த மெஷின் பக்கமும் விடுவாங்களா? வேலை இல்லேன்னா வீட்டுச் சாவியையும் குடுத்துட்டு நிக்கணும். எங்க போவீங்க ரெண்டு பேரும்?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. மகன் ஸ்தனிஸ்லாஸ் ஐ.டி.ஐ. முடித்து மூன்று வருஷமாகச் சும்மா இருக்கிறான். இருபத்து மூன்று வயசு. அப்பாவின் கழுத்து, அப்பாவின் உடம்பு. இருதயமேரி தலையாட்டினாள்.

ரெண்டு மணிக்கு டாக்டர் கியாசுதீன் ஸ்கூட்டரில் வந்தார். செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, உடம்பைப் பார்த்தார். இமையை நீக்கிப் பார்த்தார். எழுந்து இருதயமேரி பக்கம் திரும்பினார்.

"தூக்கத்துலயே போயிருக்காரு. அம்மா, நான் அன்னைக்கே கேட்டேன். மறுபடியும் கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. தூக்கத்துல மூச்சுத் திணறல் எதுவும் இருந்ததில்லையே?"

வீரமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல டாக்டர்" என்றாள். "பச்சப்புள்ள மாதிரி தூங்குவாரு."

"சரிம்மா. எதுக்குக் கேட்டேன்னா, சில பேருக்குத் தூக்கத்துல தொண்டை அடைச்சுக்கும். ரத்தத்துல காத்து கொறைஞ்சுபோகும். ஒவ்வொரு தடவையும் இதயம் பதறி அடிச்சுக்கும், பிரஷர் எகிறும். ஒரு ராத்திரியில நூறு தடவைகூட நடக்கும். படுத்தபடியே விடிய விடிய ஓடுறவன் மாதிரி. அப்படி இருந்தா பகல்ல குடுக்கிற மாத்திரை என்ன வேலை செய்யும்? வெளிநாட்டுலயே இப்பத்தான் இதைப் பத்தி எழுத ஆரம்பிச்சிருக்காங்க. நம்ம ஊர்ல குறட்டை விட்டா நல்லாத் தூங்குறான்னு விட்டுடுறோம்."

"அதுக்கு மருந்து இருக்கா?" அவளுக்கே தெரியாமல் கேட்டுவிட்டாள்.

"மருந்துன்னு இல்ல. ஆனா முன்னாடியே தெரிஞ்சா உடம்பைக் கொறைக்கலாம், மல்லாந்து படுக்காமப் பாத்துக்கலாம், மூக்கு தொண்டையைக் காட்டலாம். மெட்ராஸ்ல எனக்குப் பாடம் நடத்துனவரு ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட அனுப்பலாம். தெரியணும், அதான் முக்கியம்." மாரடைப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வீரமலையிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அந்த நேரம் பார்த்து ஸ்தனிஸ்லாஸ் வந்தான். மேலப்புதூரில் சவப்பெட்டிக்குச் சொல்லிவிட்டு, கோயிலில் சாமியாரைப் பார்த்துவிட்டு, வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருந்தான். அப்பாவின் காலடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பெண்கள் ஜெபமாலை ஆரம்பித்தார்கள். முதல் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் அவன் தலை பின்னால் சாய்ந்தது, வாய் திறந்தது, குறட்டை கிளம்பியது.

மூலையில் இருந்த ரெண்டு பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"அப்பன் கெடக்குறான், புள்ளைக்குத் தூக்கம் கேக்குது" என்று அற்புதம்மாள் பல்லைக் கடித்தாள். "எழுப்பு மேரி. வர்றவங்க காறித் துப்புவாங்க."

இருதயமேரி கையை நீட்டினாள். அப்போது குறட்டை நின்றது.

பெண்கள் அடுத்த மந்திரத்தைத் தொடங்கினார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து உதட்டை அசைத்தாள். கண் மகனின் நெஞ்சில் இருந்தது. நெஞ்சு எக்கியது, அடங்கியது, மறுபடி எக்கியது. ஒரு மந்திரம் முழுசாக முடிந்தது. மூச்சு வரவில்லை. பெண்கள் அடுத்ததை எடுத்தார்கள். அது பாதிக்கு மேல் போனது. அப்பனுக்குக்கூட இவ்வளவு நேரம் போனதில்லையே. இத்தனை நாள் இவன் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியதை வளர்ந்த பிள்ளை என்று விட்டுவைத்திருந்தாளே, எத்தனை ராத்திரி இப்படிப் போயிருக்கும். பாவி, ஒருத்தரை இடித்து இடித்தே உன் கை ஓய்ந்துபோனதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஸ்தனிஸ்லாஸ் உடம்பு தூக்கிப்போட, காற்றை இழுத்தான். கண் திறக்கவில்லை. குறட்டை மறுபடி ஏறத் தொடங்கியது.

வெளியே ஸ்கூட்டரை உதைக்கிற சத்தம் கேட்டது. இருதயமேரி எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, தலைவிரி கோலமாக வாசலுக்கு ஓடினாள். போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், நான் பொய் சொன்னேன்."

கியாசுதீன் வண்டியை நிறுத்தினார்.

"அவரு பச்சப்புள்ள மாதிரி தூங்கல. ஒரு நாளும் தூங்கல. நீங்க அன்னைக்குக் கேட்டது எல்லாம் அவருக்கு இருந்துச்சு. கிரேன்ல இருந்து இறக்கிடுவாங்கன்னு மறைச்சேன். இப்பவும் மறைச்சேன்."

"தங்கச்சி" என்றார் பின்னாலேயே வந்த வீரமலை. "துக்கத்துல என்ன பேசுறோம்னு தெரியாம..."

"தெரிஞ்சுதான்ணே பேசுறேன். நீங்க தூண்ல தட்டுனீங்க, நான் விலாவுல இடிச்சேன். ரெண்டு பேரும் சேர்ந்து எழுப்பி எழுப்பி விட்டோம், வேற என்னத்தச் செஞ்சோம்?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் திரும்பினாள். "அவருக்கு எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும். உள்ள எம்புள்ள தூங்குறான். நீங்க வந்து ஒரு தடவை கேட்டுட்டுப் போங்க."

"அவனுக்குத்தான் வாரிசு வேலைக்கு எழுதிப் போடப்போறோம்னு கை கழுவுறப்ப இவர் சொன்னாரு" என்றார் டாக்டர், வீரமலையைப் பார்த்து.

"ஆமா டாக்டர். அதுக்கு மெடிக்கல் நீங்கதான் பாக்கணும்னும் என்கிட்ட சொன்னாரு. வேலை கெடைக்காமப் போனா போகட்டும். வீடு போனா போகட்டும். இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

வீரமலை ஸ்கூட்டரை வாங்கி ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்.

டாக்டர் உள்ளே வந்ததும் பெண்கள் ஜெபத்தை நிறுத்தி, அருள்நாதன் பக்கம் போக வழிவிட்டார்கள். அவர் காலடிப் பக்கம் திரும்பி, ஸ்தனிஸ்லாஸின் அருகில் தரையில் உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"அவனை எழுப்பிடவா தம்பி? ஒரே வெக்கக்கேடா இருக்கு" என்றாள் அற்புதம்மாள்.

"வேணாம்மா. கொஞ்ச நேரம் யாரும் எழுப்பாதீங்க."

குறட்டை ஏறி ஏறி வந்து நின்றது. அந்த வீட்டில் கூடியிருந்த அத்தனை பேரும் செத்தவரை விட்டுவிட்டு, சுவரோரம் தூங்குகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரின் உதடுகள் ஓசையில்லாமல் எண்ணின. இருதயமேரி மகனின் மறுபக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவன் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டாள்.