சரஸ்வதி பூசையில் வைத்த கணினி

விஜயதசமிக் காலையில் பூசை முடிந்ததும், கும்பத்துக்கு முன்னால் இருந்த கணினிப் பெட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தேன். அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. பக்கத்தில் இருந்த என் சலங்கையை மாமி எடுத்துத் தந்தார். அன்று மாலை எங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடியின் கீழ் மண்டபத்தில் நான் ஆடவேண்டும். கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவை.

கணினியையும் படைக்கச் சொன்னது மாமிதான், என் கணவரின் அம்மா சிவக்கொழுந்து. "உன்ர பாட்டுக்காரியும் மிருதங்கக்காரரும் அதுக்குள்ளதானே இருக்கினம் பிள்ளை. வைப்பம்" என்றார். நானும் வயர்களைக் கழற்றிச் சுற்றி வைத்தேன். நவராத்திரி முடியும்வரை ஒருவரும் தொடவில்லை.

இப்போது இணைத்து, பாட்டைப் போட்டேன். சத்தம் வரவில்லை. இந்தப் பாட்டின் உரிமம் பழுதடைந்துள்ளது என்று திரை சொன்னது.

பல வருடங்களுக்கு முன் இணையக் கடையொன்றில் வாங்கிய வர்ணம் அது. அந்தக் கடை பாட்டோடு ஒரு உரிமத்தையும் அனுப்பும். உரிமம் இருக்கும் கணினியில் மட்டும் பாடும், வேறெங்கும் ஊமை. பிறகு கடை மூடிப்போனது. பாடியவர் பெயரெடுத்தவரல்ல, அந்த ஒலிப்பதிவை நான் வேறெங்கும் கண்டதில்லை. வீட்டில் எல்லாரும் வெளியே போனபின் கூடத்தில் தனியே ஆடி ஆடி, அவர் மூச்செடுக்கும் இடங்களெல்லாம் என் உடம்புக்குப் பாடமாகியிருந்தன.

திரையைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பதற்றம் அல்ல. ஒரு சின்ன ஆறுதல். இனி ஆடத் தேவையில்லை. மெசின் பழுது. எவ்வளவு மரியாதையான காரணம்! அந்த ஆறுதல் எனக்குள் வந்து சொந்த வீடு மாதிரிக் கால்நீட்டி உட்கார்ந்தது. என்னை ஆடவேண்டாம் என்று இந்த வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் இதே ஆறுதல் வந்து இதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எழும்பு என்று அதனிடம் சொல்லவேண்டும் போலிருந்தது.

என் கணவர் சுகிர்தன் எட்டிப் பார்த்தார். "யூடியூப்பில வேற ஒண்டை எடுத்துப் போடுமன் தாரிகா. ஆருக்குத் தெரியப்போகுது?"

"என்ர காலுக்குத் தெரியும்."

"ஓ, காலுக்கும் லைசன்ஸ் குடுத்தவங்களோ?" சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார்.

கொட்டாஞ்சேனையில் கணினி திருத்தும் கிளெமென்றுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"யோசிக்காதீங்க மிஸ். போர்மட் அடிச்சா புதுசு மாதிரி வந்துரும்."

"லைசன்சும் அழிஞ்சுபோகுமே?"

"போனா போகட்டும் மிஸ். உலகத்தில வேற பாட்டா இல்ல?"

எல்லாரிடமும் எனக்காக வேறு பாட்டு இருந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டு, கைத்தொலைபேசியில் தேடத் தொடங்கினேன். உரிமங்கள் மறைவான ஒரு கோப்புறையில் இருக்கும், அதை அழித்துவிட்டால் கடை புதிதாகத் தரும் என்று பலர் எழுதியிருந்தார்கள். எனக்குத்தான் கடையே இல்லையே. கோப்புறையைக் கண்டுபிடித்தேன். அழிக்க மனம் வரவில்லை. பெயரை மட்டும் 'பழசு' என்று மாற்றினேன். பாட்டைப் போட்டதும் கணினி தானாகவே வெறுமையான புதுக் கோப்புறை ஒன்றைத் திறந்து, கடையைத் தேடிப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்தது.

இரண்டு கோப்புறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழசுக்குள் இருந்த உரிமத்தின் திகதி 2011. இப்போது, என் கண் முன்னால் பிறந்த கோப்புறையின் திகதி 2009 ஜனவரி.

திரையின் மூலையைப் பார்த்தேன். அங்கும் 2009.

கணினிக்குத் தன் வயது மறந்துபோயிருந்தது. இன்னும் வராத ஒரு வருடத்தில் வாங்கிய சீட்டைக் காட்டினால் எந்தக் காவல்காரன் உள்ளே விடுவான்? உரிமத்தில் பழுதே இல்லை. திகதியைத் திருத்தினேன். வெறுங்கோப்புறையை அகற்றி, பழசுக்குப் பழைய பெயரையே கொடுத்தேன். பாட்டை அழுத்தினேன்.

தம்புரா ஒலித்தது. பிறகு அந்தக் குரல்.

"வந்திட்டுதோ?" என்று மாமி குசினியிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார். தலையை ஆட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கடல் பக்கம் பெரிதாக ஒரு மின்னல். "ஐயோ, மின்னுது!" என்று மாமி பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

இடி ஓய்ந்து மறுபடி போட்டபோது, 2009. உரிமம் பழுது.

மாமியின் முகம் வாடியது. நான் சிரித்தேன். பிளக்கைக் கழற்றினால் மறக்கிறது. பூசையில் இருந்த நாட்களிலும் இதுதான் நடந்திருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் திகதியை நினைவில் வைத்திருக்க உள்ளே ஒரு சின்ன பற்றறி இருக்கும் என்று சற்று முன்தான் வாசித்திருந்தேன். இப்படியே கீழே கொண்டுபோனால், சனத்துக்கு முன்னால் திகதி மாற்றிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். வயரைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தேன். ரூபாய்க் குத்திபோல வட்டமாக இருந்தது பற்றறி. அதில் பொறித்திருந்த இலக்கம் எனக்குப் பழக்கமானது. போன மாதம் இதே இலக்கத்தில்தான் சுகிர்தனுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

மாற்றினேன். திகதி வைத்தேன். பிறகு நானே பிளக்கைப் பிடுங்கினேன். மாமி கும்பத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். மறுபடி இணைத்தேன். இன்றைய திகதி! குரல் எந்தத் தடையும் இல்லாமல் எழுந்து வந்தது.

சுகிர்தன் கீழே போய்த் திரும்பி வந்தார். "கார் திறக்குதில்லை. ரிமோட் செத்துப்போச்சு."

"சாவியைப் போட்டுத் திறவுங்கோ. ஓட்டை இருக்குதானே?"

"நேற்று நல்லா இருந்ததே. பற்றறிக்கு என்ன நடந்தது?"

"அங்க பாருங்கோ, பாடிக்கொண்டிருக்கு."

அவர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பெரிதாகச் சிரித்தார். மாலையில் பெட்டியைக் கீழே சுமந்துபோனவரும் அவர்தான்.

மண்டபத்தில் தம்புரா ஒலிக்கத் தொடங்கியபோது அந்த ஆறுதல் எனக்குள் எங்காவது உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க நேரம் இருக்கவில்லை. குரல் மூச்செடுத்தது. நானும் எடுத்தேன். கால் நிலத்தில் விழுந்த சத்தம் எனக்கே புதிதாகக் கேட்டது.

ஆடி முடித்து வியர்வையோடு வந்தபோது, கைதட்டலுக்கு மேலால் மாமி என் காதுக்குள் சொன்னார்:

"அடுத்த வருசம் கார்ச் சாவியையும் சேர்த்துப் படைப்பம் பிள்ளை. ஆனா வயரைக் கழட்டப்படாது."