மச்சினன் பேசிய இடம்

மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவரின் மச்சினன், வீட்டில் வாய் திறந்து யாரும் கண்டதில்லை. குழம்பில் உப்பில்லை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு யுகம் ஓடிவிடும். ஆனால் மோட்டார்காரர்கள் கூடும் இணைய மன்றத்தில் அவர் பெயர் 'இடிமுழக்கம்'. அவர் அங்கே அடிக்கும் கிண்டலில் எரிந்துபோன மோட்டாரே வெட்கப்பட்டுச் சுற்றத் தொடங்கும். மெக்கானிக்குகளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும்.

போன வருடம் மச்சினன் போய்ச் சேர்ந்தார். இப்போது மன்றத்தையும் மூடப்போவதாக அறிவிப்பு வந்துவிட்டது.

"அவன் இருந்தப்ப கூச்சப்படுவான்னு படிக்கல. போனப்புறம் மனசு வரல. என் தம்பி பேசினத ஒரு தடவையாவது பாக்கணுங்க," என்றாள் காயில்காரரின் மனைவி.

"ஒரு எழுத்து விடாம அள்ளிட்டு வந்துடுறேன். நீ கவலைய விடு."

பக்கங்களைத் தானாகச் சேமிக்கும் ஒரு மென்பொருளை ஏவிவிட்டார். அது அகோரப் பசியோடு விழுங்கியது. கோப்புறை வீங்க வீங்க அவர் மீசையை முறுக்கினாரே தவிர, ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை.

கடைசி நாள் மதியம் மனைவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைத் திறந்தார். 'உறுப்பினர்கள் மட்டுமே படிக்கலாம்' என்றது. அடுத்ததும் அதையே சொன்னது. அதற்கடுத்ததும். மென்பொருளுக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்க மறந்திருந்தார். அது அந்நியன்போல வாசலிலேயே நின்றுவிட்டது.

"இத்தன நாளா கதவத்தான் சேத்து வச்சீங்களா?"

பதறிப்போய்த் தானே உள்ளே நுழைந்தார். உலகத்து மோட்டார்காரர்கள் அத்தனை பேரும் விடைபெற முண்டியடித்ததில் சர்வர் மூச்சுத் திணறியது. ஒரு பக்கம் மட்டும் கால்வாசி வந்தது. 'இடிமுழக்கம்: அத்தான், நீங்க கட்டின காயில்ல...' அதோடு நின்றது. சாயங்காலம் அந்த வரியும் போய்த் திரை வெளுத்தது.

"அப்புறம் என்ன எழுதியிருந்தான்?"

"குருவி குடும்பம் நடத்தலாம், கரண்டு மட்டும் உள்ள வராதுன்னு எழுதினான். மன்றமே உருண்டு சிரிச்சுது."

அவள் சிரிக்கவில்லை. "அவனுக்கு அப்படியெல்லாம் பேச வராதுங்க."

"சத்தியமா அவன்தான் எழுதினான்."

"எனக்காகச் சொல்றீங்க. பரவால்ல."

அவர் இன்னொன்றைச் சொன்னார். பிறகு இன்னொன்று. எல்லாமே மச்சினன் சொன்னது, சொல் மாறாமல். சின்னப்பிள்ளை அளக்கும் கதைக்குத் தலையாட்டுவதுபோல அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.